பறையும் மனநலமும்



கல்விக்கெனக் கண்ட சங்கத்தின் வெள்ளி விழாவில் பறையைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். படித்த நம் பிள்ளைகள் பலர் பறையொலி கேட்டாலே நாணித் தலைகுனிகின்றனர். அந்த நாணம் அவர்தம் உள்ளத்தை அரிக்கின்றது. ஆதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

இழவு வீட்டில் கொட்டு, திருவிழாவில் எட்டி நின்று கொட்டு எனச் சாதியின் பெயரால் நம்மீது சுமத்தப்பட்ட கட்டளையே இந்நாணத்தின் வேர். "இனிக் கொட்டோம்" என்று பறையைக் கீழே வைத்த பெரியோர் செய்தது முற்றிலும் சரியே. எனினும் இழிவு கட்டாயத்தில்தான் இருந்தது, கருவியில் இல்லை. தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகின்றது. பறைதல் என்ற சொல்லுக்கே பேசுதல் என்பது பொருள். பிறர் ஏவக் கொட்டுங்கால் அவர் பேச்சை நாம் பேசுகிறோம். விரும்பி இசைக்குங்கால் நம் பேச்சை நாம் பேசுகிறோம். உள்ளத்துக்கு மருந்தாவது பின்னதே.

கரிசல் காட்டுத் தாய்மார் இதனை நன்கறிவர். பருத்தி எடுக்கையில் பாடிக் களைப்பாறினர். தம் வீட்டு இழவில் முறை சொல்லி ஒப்பாரி வைத்து, நெஞ்சுப் பாரத்தைச் சுற்றியிருப்போர் கேட்க இறக்கி வைத்தனர்.

அறிவியலும் இதற்குத் துணை நிற்கின்றது. மனநலச் சிகிச்சை பெற்றோர் பத்து வாரம் கூடியிருந்து கொட்டு முழக்கப் பயின்றபின், அவர்தம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன என இலண்டன் ராயல் இசைக் கல்லூரி ஆய்வாளர் 2016-இல் வெளியிட்டனர். தாளம் பிசகாதிருக்க அடுத்தவர் கையைக் கவனிக்க வேண்டும். அவரோடு மூச்சும் காலடியும் இணைய வேண்டும். அங்கே தனிமைக்கு இடமேது?

திண்டுக்கல் வட்டாரத்தில் 1990-இல் தோன்றிய சக்தி கலைக்குழுவில் நம் சமுதாய இளம்பெண்கள் பறையைத் தம் கையில் ஏந்தி ஆடினர். பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோவில்பட்டி வட்டார இளைஞர் மட்டும் நாணுவானேன்?

சங்கக் கட்டடத்தில் வாரம் ஒரு மாலை, பாடம் முடிந்தபின், ஆண் பெண் இருபாலரும் பறை பயிலட்டும். அடிகளை நம் ஊர் முதியோரிடமே கற்கட்டும்; பாட்டைத் தம் சொந்தச் சொல்லிலேயே கட்டட்டும். சாதி ஏவலுக்கு வாசிப்பதில்லை, மது அருந்தி வாசிப்பதில்லை என்னும் இரண்டும் உறுதியாக இருக்கட்டும்.

ஒன்றை மறவாதீர். உறக்கம் இழந்து, உயிரையே வெறுத்துத் தவிப்போர்க்கு இசை மட்டும் போதாது. அரசு மருத்துவமனை மனநல மருத்துவரை நாடுங்கள். 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் பேசலாம். அவ்வாறு உதவி கேட்பதில் இழிவேதும் இல்லை.

ஏட்டை ஏந்திய கை பறையையும் ஏந்தட்டும்.