டாக்டர் பட்டத்துக்கு அப்பாலும் ஒரு படிப்பு



பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைக்கணும் என்றால் ஊசி போடும் டாக்டர்தான் நம் கண்ணில் நிற்பார். ஆராய்ச்சி செய்து வாங்கும் டாக்டர் பட்டமும் ஒன்று உண்டு. அதை முடித்தவர் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் மேலாய்வு செய்யலாம். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் அவர்களே பணம் கொடுப்பார்கள். "இன்னும் எத்தனை வருசத்துக்குத்தான் நான் செலவு பண்றது?" என்று கேட்கும் அப்பாமார்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பேச வந்தது சுற்றுச்சூழல் இரசாயனம். பேரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் கையை விட்டுப் போன பொருள் மண்ணிலும் தண்ணீரிலும் காற்றிலும் என்ன ஆகிறது என்று கண்டறிவதுதான் அது. அதற்கான கேள்விகள் நம் வாசலிலேயே கிடக்கின்றன.

செம்பனை ஆலைக்குப் பின்னால் கிடக்கும் குளங்களைப் பாருங்கள். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய 2.5 டன் கழிவுநீர் வரும். அதை அப்படியே ஆற்றில் விட்டால் தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கும். அதனால்தான் 1977-இல் ஆலைகளுக்கு விதிகள் வந்தன. குளத்துக் கிருமிகள் அழுக்கைத் தின்னும்போது மீத்தேன் வாயு வருகிறது. அதைப் பிடித்து மின்சாரமும் எடுக்கிறார்கள்!

அடுத்தது, நம் தாய்மார்கள் முதுகில் பம்பு சுமந்து அடித்த பாராகுவாட். குடித்துவிட்டால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அடித்தது நின்றது, ஆனால் களிமண்ணில் ஒட்டிக்கொண்டது வருசக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இதை அளந்து பார்க்க, அடித்தவர் வீட்டுப் பிள்ளையை விடப் பொருத்தமானவர் யார்?

கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். அதன் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தை தின்று வளர்கிறது. மேலே ரவாங் பக்கம் 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய் இணைப்புகளில் தண்ணீர் நின்றது. மேலே கலப்பது கீழே சேற்றையும் நத்தையையும் என்ன செய்யும்? இது ஒருவருக்கு இரண்டாண்டு ஆய்வு.

இதற்கெல்லாம் வழி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் செர்டாங்கிலும் பாங்கியிலும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. வெளிநாடு என்றால் ஜெர்மனியின் ஹம்போல்ட் அறநிறுவனமும் ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமும் மலேசியர்களையும் எடுத்துக்கொள்கின்றன. மாதப் பணமும் பயணச் செலவும் தருகின்றன. ஆனால் அங்குள்ள பேராசிரியர் ஒருவர் முன்னதாகவே சம்மதிக்க வேண்டும். அவருக்குக் கடிதம் எழுத நல்ல ஆங்கிலம் வேண்டும். வெளியான ஆய்வுக் கட்டுரையும் கையில் வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

அதெல்லாம் முப்பது வயது வாக்கில். நாலாம் படிவத்தில் இரசாயனம் எடுக்கவா என்று பிள்ளை கேட்பது பதினாறு வயதில். அன்றைக்கு, "அது கஷ்டம், வேற எடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.