‘ஓ.மு.’ எழுதப்பட்ட மனுக்கள்

(மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘போராட்டத்தைப் பத்திப் பேசாம ஃபைல் கட்டுறதப் பத்திப் பேச வந்திருக்கானே’ என்று சிலருக்குத் தோன்றலாம். நிலம், சுடுகாட்டுப் பாதை, வன்கொடுமை வழக்கு என எதை எடுத்தாலும் ‘ஆதாரம் எங்கே?’ என்ற இடத்தில்தான் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எந்தக் காகிதம் இருக்க வேண்டும், எது அழிய வேண்டும் என்று முடிவு செய்கிறவர் யார்? இது அதிகாரம் பற்றிய கேள்வி.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போது அதன்மேல் இரண்டெழுத்து எழுதுவார்கள். நி.மு. என்றால் நிரந்தர முடிவு. ப.மு. பத்தாண்டு, மூ.மு. மூன்றாண்டு, ஓ.மு. ஓராண்டு. அந்தக் கெடு முடிந்ததும் அழித்துவிடலாம். பார்க்கச் சாதாரண குமாஸ்தா வேலை. ஆனால் சேரியிலிருந்து போகிற மனுவுக்கு எந்த எழுத்து விழுகிறது?

எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சுடுகாட்டுப் பாதை கேட்டு வருஷா வருஷம் மனு கொடுத்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த மனுக்களைக் கேட்டோம். ‘ஓ.மு. செய்யப்பட்டு அழிக்கப்பட்டன’ என்று பதில் வந்தது. அவங்க கணக்கில் ஒவ்வொரு வருஷமும் கொடுத்தது முதல் மனுதான். பத்து வருஷக் கோரிக்கைக்கு ஒரு வருஷ வயசு!

பஞ்சமி நிலத்தைப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892-இல் அரசாணை வந்தது. நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிபந்தனையைக் காட்டும் பழைய பதிவேட்டின் நகல் கையில் இல்லாவிட்டால், இது பஞ்சமி நிலம் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தது அந்த நிலத்துக்காகத்தான்.

சரி, நம்ம காகிதங்களை எப்படிப் பிரிப்பது? நூலகத்தில் இருக்கிற முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று மாணவத் தோழர்கள் கேட்கிறார்கள். தூயி 1876-இல் உருவாக்கிய முறையில் மதத்துக்கு 200 வரிசை. அதில் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்கு. பௌத்தம், இஸ்லாம், இந்து மதம் எல்லாம் 290-க்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்புகளில் வெகுகாலம் நம் பெயர் ‘தீண்டப்படாதவர்கள்’. பிறகுதான் ‘தலித்துகள்’ ஆயிற்று. தலைப்பு வைக்கிறவரின் பார்வைதான் அலமாரியில் வரிசையாகிறது.

ஆனால் ஒரு கருவி நமக்கு உதவும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. ஒரு விஷயத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் அதைப் பல முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்த்து எழுதுகிற முறை அது. இதை நம் தேவைக்கு மாற்றிக்கொண்டோம். நாங்கள் வைத்திருப்பது ஐந்து முகம்: ஊர், விஷயம், ஆள், கட்டம், ஆண்டு.

ஊர்தான் முதலில். ஏனென்றால் பிரச்சினை ஊரில் நடக்கிறது. மக்கள் ஊர் பேரைச் சொல்லித்தான் வந்து கேட்கிறார்கள். விஷயத்துக்கு அரசாங்கத்தின் சொல்லை எடுப்பதில்லை. ‘சட்டம் ஒழுங்கு’, ‘இரு தரப்பு மோதல்’ என்று நம்ம கட்டில் தலைப்பு கிடையாது. நிலம், பாதை, தண்ணீர், கூலி, பள்ளி, வன்கொடுமை, அவ்வளவுதான். கட்டம் என்றால் மனு, ஒப்புகைச் சீட்டு, முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன்படி நிவாரணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். எந்தக் கட்டத்தில் நின்றுபோச்சு என்பது கட்டைப் பிரித்ததும் தெரிய வேண்டும். காகிதம் ஊர்க் கட்டில் ஓரிடத்தில் இருக்கும். மற்ற முகங்களுக்கு ஒவ்வொரு அட்டை எழுதிப் பெட்டியில் வைத்தால் எந்த வழியாகவும் தேடலாம்.

அடுத்தது, எதை எத்தனை காலம் வைப்பது? இங்கேதான் அவங்க கணக்கைத் தலைகீழாக்குகிறோம். அவங்களுக்கு ஓ.மு. ஆன மனுவின் நகல் நமக்கு நி.மு. கையகல ஒப்புகைச் சீட்டும், காயச் சான்றிதழும், நிலப் பதிவேட்டு நகலும் நி.மு. துண்டறிக்கை இரண்டு பிரதி நிரந்தரமாக இருக்கட்டும். மிஞ்சிய பிரதி, பஸ் டிக்கெட், பந்தல் பில் எல்லாம் கணக்கு பார்த்து முடித்ததும் கழித்துவிடலாம். எல்லாத்தையும் வெச்சிருந்தா எதுவுமே கிடைக்காது. ஆனால் கழித்ததை யார், என்றைக்குக் கழித்தார் என்று ஒரு நோட்டில் எழுதணும்.

இன்னொன்று. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர், சாட்சிகளின் முகவரி உள்ள காகிதங்கள் தனிக் கட்டு, தனிப் பூட்டு. வழக்குப் பார்க்கிறவர் தவிர யாருக்கும் அதைக் காட்டக் கூடாது. நம் ஆவணமே நம்மவர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழின் பிரதிகளை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். அதனால்தான் 1999-இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளாக வர முடிந்தது. எந்த அலுவலகமும் அதற்கு நி.மு. போடவில்லை.

தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(அ), ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைப்பது அரசின் கடமை என்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். கோப்பு அழிந்தது என்றால் அழித்த பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கூடவே, ஊருக்குத் திரும்பியதும் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் தகரக் கூரை இடுக்கிலும் செருகியிருக்கிற சீட்டுகளை வெளியே எடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். நகலின் மூலையில் ஊர் பேரையும் வருஷத்தையும் எழுதுங்கள். முதல் கட்டு அதுதான்.