எங்கள் சிறு தோட்டம்: வாடியதும் தளிர்த்ததும்

(அறுவடை நன்றி ஆராதனையின் பின் சபையாருக்கும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஆற்றிய பேச்சு)



இன்று பீடத்துக்கு முன்னால் பூசணியும் ஆப்பிளும் சோளமும் அடுக்கி வைத்திருக்கிறோம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் விளைந்தவைதான் பீடத்துக்கு வரும், வாடிப்போனவை வருவதில்லை. எனக்குத் தந்த நேரத்தில் அவற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்லப் போகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சென்னையில் தாதியர் படிப்பை முடித்து, இங்கே வைத்தியசாலையில் வேலை செய்பவள். நொய்கெல்னில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. பின்முற்றத்தில் குப்பைத் தொட்டிகளும் சைக்கிள்களும்தான். அதனால் பல வருடம் காத்திருந்து ஒரு கிளைன்கார்ட்டன் துண்டை எடுத்தோம். சைக்கிளில் பத்து நிமிடம். வளவு இல்லாத எங்களுக்கு அதுதான் வளவு.

பிள்ளைகளே, இந்தத் தோட்டங்கள் உங்களைப் போன்ற சிறுவர்களுக்காகத் தொடங்கியவை என்று தெரியுமா? 1865இல் லைப்சிக் நகரத்தில் பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு திடலைத் திறந்தார்கள். அதற்கு ஷ்றேபர் என்ற வைத்தியரின் பெயரை வைத்தார்கள். பிறகு கெசல் என்ற ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்காகச் சிறு பாத்திகள் அமைத்தார். களை பிடுங்குவது பிள்ளைகளுக்குக் கெதியில் அலுத்துப்போனது. பெற்றோர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். இன்றும் இவற்றை ஷ்றேபர் தோட்டம் என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இரண்டாம் கிழமையே ஓடிவிட்டார்கள். அது புதுமை இல்லை.

முதல் வருடம் சித்திரை வெயிலைக் கண்டு மயங்கி, இருபத்துநான்கு மிளகாய்க் கன்றுகளை நட்டேன். பக்கத்துத் துண்டில் எண்பது வயதை நெருங்கிய ஒரு ஜேர்மன் ஐயா இருக்கிறார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஐஸ்ஹைலிகெ போகட்டும்" என்றார். மே 11 முதல் 15 வரை வரும் புனிதர்களின் நாட்களை அப்படிச் சொல்வார்கள். கடைசி நாள் குளிர்ச் சோஃபியாவுடையது. அந்த நாட்கள் வரைக்கும் இரவில் உறைபனி வரலாம் என்பது இங்குள்ள விவசாயிகளின் அனுபவம். நான் அதை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை போய்ப் பார்த்தால், கன்றுகள் எல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துக் கிடந்தன.

இரண்டாம் வருடம் பொறுத்து நட்டேன். மிளகாய் தப்பியது. போஞ்சியை ஓடில்லாத நத்தைகள் தின்றன. பின்னேர வேலை முடிந்து, இரவு பத்தரைக்கு டோர்ச் லைற்றும் வாளியுமாக நத்தை பொறுக்கினேன். அவற்றுக்கு உப்புப் போடாதீர்கள், மண் கெட்டுவிடும்.

மூன்றாம் வருடம் தக்காளி நன்றாகக் காய்த்தது. ஓகஸ்டில் ஒரு கிழமை விடாமல் மழை. இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து, காய்களும் பழுதாகின. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான். இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் அது பரவும். ஆகவே தக்காளிக்கு மேலே ஒரு கூரை போட்டு, அடியில் மட்டும் தண்ணீர் விட வேண்டும். இதை நான் பிந்தித்தான் படித்தேன்.

அந்த மனவருத்தத்தில் பாதித் துண்டைத் தரிசாக விட்டேன். உடனே சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. துண்டில் மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்பது விதி. இரவு வேலை, பிள்ளைகளின் படிப்பு, இதற்குள் தோட்டம் வேறா என்று, துண்டைத் திருப்பிக் கொடுப்பதாக நானும் ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்தேன்.

அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்திருந்த நேரம் அது. பாஷை தெரியாது. நாள் முழுவதும் யன்னலோரம் இருப்பார். கொடுக்க முதல் ஒருதரம் காட்டுவோம் என்று அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொத்தினார். விரலுக்குள்ளால் மணல் வழிந்தது.

"பிள்ளை, இது பசிச்ச மண். நீ செடிக்குத் தண்ணி விட்டிருக்கிறாய், மண்ணுக்குச் சாப்பாடு போடேல்லை" என்றார்.

எனக்கு முகம் சிவந்துபோனது. படுக்கைப்புண் உள்ள நோயாளிக்குக் காயத்தைக் கழுவிக் கட்டினால் மட்டும் போதாது, அவர் போதிய புரதம் சாப்பிடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும் என்று புதிய தாதியருக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான்!

ஊரில் அப்பா தோட்டத்துக்குப் பூவரசங்குழை தாழ்ப்பார். இங்கே பூவரசு இல்லை. மேப்பிளும் லிண்டனும் உண்டு. அந்த இலையுதிர்காலத்தில் வாய்க்கால் வெட்டி, உதிர்ந்த இலையும் குதிரைச் சாணமும் கலந்து தாழ்த்தோம். காய்ந்த இலையை மட்டும் தாழ்த்தால், அது உக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். எருவும் சேர வேண்டும். கனி கொடாத அத்திமரத்துக்காக இன்னும் ஒரு வருடம் தவணை கேட்ட தோட்டக்காரன் சொன்னதும் கொத்தி எருப் போடுவதைத்தானே. எனது கடிதத்தை நான் அனுப்பவில்லை.

அடுத்த கோடையில் எல்லாம் விளைந்துவிட்டதென்று சொல்லமாட்டேன். கத்தரி பூத்துக் கொட்டியது. ஆனால் சிவத்தக் கீரை இடுப்பளவு வளர்ந்தது. அம்மா வேலிக்கு மேலால் ஐயாவுக்கு ஒரு கட்டுக் கீரை கொடுத்தார். அவர் கூஸ்பெரிப் பழம் கொடுத்தார். இருவரும் அவரவர் பாஷையில் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்களோ தெரியாது.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. மூன்று மாடி இறங்க முடியவில்லை. இந்த வருடம் போஞ்சியும் சரியில்லை. பின்னேரம் நான் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். பார்த்துவிட்டு ஏசுவார். யன்னலோரம் முன்புபோல் பேசாமல் இருந்தவர் இன்று ஏசுவதே எங்களுக்குப் பெரிய விளைச்சல்.

துண்டு கிடைக்காதவர்கள் ரெம்பெல்ஹோஃப் மைதானத்தைப் போய்ப் பாருங்கள். 2008இல் மூடிய விமான நிலையம் அது. அங்கே 2011 முதல் நொய்கெல்ன் பக்கத்தில் அயலவர்கள் மரப்பெட்டிகளில் பயிர் செய்கிறார்கள்.

பிள்ளைகளே, வாசலில் உங்களுக்கு இரண்டு கடிதவுறைகள் இருக்கின்றன. ஒன்றில் வெந்தயம். இன்றே ஊறவைத்து, நாளைக்கு யன்னலோரத் தொட்டியில் விதையுங்கள். மூன்று கிழமையில் கீரை பறிக்கலாம். மற்றதில் சிவத்தக் கீரை விதை. உறையில் இருப்பது எங்கள் அம்மாவின் கையெழுத்து. அதை மே 15 வரைக்கும் பத்திரமாக வைத்திருங்கள். இடையில் எத்தனை வெயில் அடித்தாலும் அவசரப்படாதீர்கள். முளைத்தாலும் முளைக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள், அம்மா கேட்பார்.