பற்றிக்கொள்ளும் கிருமி



குடலில் வாழும் ஈ. கோலி என்னும் பாக்டீரியாவின் சில வகைகள், சிறுநீர்ப்பையை அடைந்தால் நோய் விளைவிக்கின்றன. சிறுநீர் வெளிவரும் வழி பெண்களுக்குக் குறுகியது. ஆதலால் அவர்களுக்கே இந்நோய் மிகுதி. இக்கிருமியின் மேல் நுண்ணிய இழைகள் உள்ளன. இழையின் நுனியிலுள்ள ஃபிம்-எச் என்னும் புரதம், சிறுநீர்ப்பை உயிரணுக்களின் மேலுள்ள மான்னோஸ் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. பற்றாத கிருமிகளைச் சிறுநீர் அடித்துச் சென்றுவிடும். பற்றியவற்றை எளிதில் அகற்ற இயலாது.

ஆகவே சிறுநீரை அடக்குவது, கிருமிக்கு நாம் அளிக்கும் அவகாசமாகும். கழிப்பறைக்கு அஞ்சி, மாலை வரை நீரே அருந்தாத மாணவியரை நாம் பள்ளிகளில் கண்டிருக்கிறோம். காய்ச்சலால் தேர்வை இழந்தோரும் அவர்களுள் உண்டு. அதனை விதி என்றனர்; விதியன்று. தூய கழிப்பறையும் குடிநீரும் கேட்டுப் பெறுவதும் நம் கல்விப் பணியே ஆகும்.