காதில் சீழ் வடிதல்
(கீழச்சிவல்பட்டியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கடனையும் தவணையையும் பற்றியே பேசிவந்த நான், இன்று காதைப் பற்றிப் பேசுவது தங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். “குழந்தைக்குக் காதில் சீழ் வடிவது சகஜம், வயது ஏறினால் நின்றுவிடும்” என்று நம் கிராமங்களிற் சொல்லுகிறோம். இவ்வெண்ணத்தால் கேள்வியை இழந்த குழந்தைகள் பலர்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை ஒன்று உண்டு. அதுவே நடுச்செவி. ஒலியை உள்ளே செலுத்தும் மூன்று சிறு எலும்புகள் அதில் இருக்கின்றன. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் செல்லுகிறது. குழந்தைகளுக்கு அக்குழல் குட்டையாயும் படுக்கையாயும் இருக்கும். ஜலதோஷத்தில் அது வீங்கி அடைபட்டால், மடை அடைபட்ட நீரைப்போல் உள்ளே நீர் தேங்கும்; அதிற் கிருமிகள் பெருகிச் சீழ் உண்டாகும். குழந்தை காய்ச்சலாலும் வலியாலும் வீறிடும். செவிப்பறை கிழிந்து சீழ் வெளிவந்ததும் வலி அடங்கும். வலி அடங்கியதால் நோய் தீர்ந்ததென்று கருதலாகாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் சீழ் வடிந்தால் நோய் நாட்பட்டதாகும். எலும்புகள் அரிக்கப்பட்டுச் செவி மந்தமாகும். உபாத்தியாயர் சொல்வது கேளாத பிள்ளையை மந்தபுத்தி என்று இகழ்கிறோம். காதின் பின்புறம் வீக்கம், கடுந்தலைவலி, வாந்தி, தலைசுற்றல், முகக்கோணல் ஆகியவை கண்டால், சீழ் மூளையை எட்டக்கூடுமாதலால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

எண்ணெய், பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதையும் காதில் ஊற்றாதீர்கள், குச்சியால் குடையாதீர்கள். சுத்தமான துணியைத் திரியாக்கி, தினம் மூன்று முறை ஈரத்தை ஒற்றி எடுங்கள். சீழ் வடியும் பிள்ளையை ஊருணியில் முழுகவிடாதீர்கள். வைத்தியர் கொடுக்கும் மருந்தைக் குறித்த நாள் முடியும்வரை கொடுங்கள். பாதியில் நிறுத்துவது, பாதித் தவணை கட்டிக் கடன் தீர்ந்ததென்பதற்கு ஒப்பாகும். கிழிந்த பறை தானே ஆறாவிடில் சஸ்திர சிகிச்சையால் மூடலாம்.

வருமுன் காத்தலே நன்று. குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டுங்கள். புட்டிப்பாலாயின் தலையை உயர்த்திக் கொடுங்கள். வீட்டிற் சுருட்டு, பீடிப் புகை வேண்டாம். 2021 முதல் தமிழ்நாட்டில் 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் ஆகிய மூன்று தடவை இலவசமாகப் போடப்படும் நிமோகாக்கல் தடுப்பூசி, இந்நோயை விளைவிக்கும் ஒரு முக்கியக் கிருமியைத் தடுக்கிறது.

தங்கள் வீட்டிற் காது வடியும் குழந்தை இருந்தால், நாள் கடத்தாமல் காரைக்குடியிலோ சிவகங்கையிலோ உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.