ஒளிக்க வேண்டாம், பேசுங்கள்

(உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பிள்ளைகளைப் படிக்க வைக்க மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். விடியற்காலையில் டியூஷன், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ். மார்க்கைப் பற்றித் தினமும் விசாரிக்கிறோம். போதைப் பழக்கம் என்று பேச்செடுத்தால் மட்டும், "அதெல்லாம் நம்ம வீட்டுல வராது சார்" என்று முடித்துவிடுகிறோம்.

வரும். படித்த வீடு, வசதியான வீடு என்று இந்த நோய் பார்ப்பதில்லை. நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். டி.டி.கே. தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த ரங்கநாதன் என்ற இளைஞர் குடிநோயால் 1979-இல் காலமானார். வெளியே தெரிந்தால் அவமானம் என்று அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூடி மறைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1980-இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வழியாக வந்ததுதான். நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை தருகிறார்கள். ஏன் தெரியுமா? ஒருவர் போதைக்கு அடிமையானால் வீடு முழுவதும் நோயில் விழுகிறது.

பள்ளிப் பிள்ளைகளிடம் இது சிறிதாகத்தான் ஆரம்பிக்கிறது. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம், ஒரு சிகரெட், நண்பன் நீட்டும் பீர், பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை, கஞ்சா, மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரை. ஆசையை அடக்கி, பின்விளைவை யோசிக்கும் மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இளவயதில் தொட்ட பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

எதைக் கவனிக்க வேண்டும்? பழைய நண்பர்களை விட்டு விலகுதல், தூக்கம் மாறுதல், சிவந்த கண், சட்டையில் ரசாயன வாடை, காரணமில்லாத எரிச்சல், வீட்டில் காசு குறைதல், நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குதல். இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் போதைதான் என்று முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வும் பரீட்சை பயமும்கூட இப்படித்தான் தெரியும். எதுவானாலும் கேட்க வேண்டியது நாம்தான்.

எப்படிக் கேட்பது? "யாருடா உனக்குக் குடுத்தான், சொல்லு!" என்று கன்னத்தில் அறைந்தால் பிள்ளை அடுத்த முறை இன்னும் சாமர்த்தியமாக மறைப்பான். போதையில் இருக்கும்போது பேசவே பேசாதீர்கள். மறுநாள், தம்பி தங்கை இல்லாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணா, கொஞ்ச நாளா நீ சரியா இல்ல. எனக்குக் கவலையா இருக்கு. என்னன்னு சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று கேளுங்கள். சொன்ன பிறகு கோபித்துக்கொள்ளாமலும் இருங்கள்! அதுதான் கஷ்டம்.

பிள்ளை மயங்கிக் கிடந்தால் மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன சாப்பிட்டான் என்று தெரிந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பழக்கத்தை நிறுத்தச் சாப்பாட்டில் தெரியாமல் பொடி கலந்து கொடுக்காதீர்கள். சில மருந்துகள் மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

"போலீஸ் கேஸாகிவிடுமோ?" என்று சிலர் பயந்து ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர், உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கினாலும், தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது. பிள்ளைகளுக்கு மதுவும் புகையிலையும் போதைப்பொருளும் கொடுப்பவர்களுக்குத்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. "ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாடா" என்று பையனைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பதினெட்டு வயது ஆகாதவருக்குச் சிகரெட் விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டில் நாம் செய்வதைத்தான் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறான்.

உதவிக்கு எங்கே போவது? போதை மீட்புக்கு 14446, மன வேதனைக்கு 14416 என்ற எண்களில் இலவசமாகப் பேசலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் பின் பிள்ளை ஒருமுறை சறுக்கினால், "எல்லாம் வீண்" என்று கைவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை மறுபடி ஏறினால் அவரை வீட்டைவிட்டுத் துரத்துகிறோமா? மறுபடி டாக்டரிடம்தானே அழைத்துப் போகிறோம்!

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நாம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்குத்தான் லாபம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் டி.வி.யை நிறுத்திவிட்டு, மார்க்கைப் பற்றி இல்லாமல் பிள்ளையிடம் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். அங்கேதான் சிகிச்சை தொடங்குகிறது.