முகாம் அக்கா கேட்ட கேள்வி

மேடையில் பேசிப் பழக்கமில்லை, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம ஊருக்குப் பக்கத்துல இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் பிழைக்கப் படகில் வந்தவர்கள். 2021-ல் அரசாங்கம் "மறுவாழ்வு முகாம்" என்று பெயர் மாற்றியது. நாம இன்னும் அகதி முகாம்னுதான் சொல்றோம். குடும்பத் தலைவருக்கு மாதம் 1500 ரூபாய் உதவித்தொகை. செக்கிங் அன்னைக்கு ஆள் நேரில் நிற்கணும், அன்றைய கூலி போச்சு. இங்கேயே பிறந்த பல பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை.

போன வருஷம் முகாம் குழு கடன் கேட்டப்போ, "திடீர்னு ஊருக்குப் போயிட்டா யார் கட்டுறது?"ன்னு கேட்டது வேற யாருமில்லை, நான்தான். அந்த அக்கா கோபப்படலை.

"நான் கைக்குழந்தையா வந்தனான் தங்கச்சி. எனக்கு எந்த ஊர் தெரியும்?"

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். அவங்க இதுவரை ஒரு தவணையும் தப்பவில்லை. என் கடன்தான் ரெண்டு மாசம் பாக்கி!

அந்தக் குழுவில் ஒருத்தரை நம்ம நிர்வாகக் குழுவில் சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன்.